குளத்துக்குக் கணக்கு எழுதிய மாணவன்

பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாத்தியாரோடு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். கையில் ஒரு வாளி, மெல்லிய துணியில் தைத்த ஒரு வலை, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டுப் புத்தகம். தண்ணீரை மொண்டு பார்க்கிறார்கள், நத்தையை எண்ணுகிறார்கள், எதையோ எழுதிக்கொள்கிறார்கள். கரையில் நிற்கும் பெரியவர்கள், "படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். புதுவையிலும் இப்படிக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு ஏறக்குறைய 140 வருட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான இரண்டு கட்டங்களில் காரியத்தைச் செய்தவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்ல, படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அதைத்தான் இன்று எழுத நினைத்தேன். வழக்கம்போலக் கொஞ்சம் சுற்றிவருவேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை ஜெர்மனியின் வடகோடியில், கீல் என்ற துறைமுக நகரத்தில் தொடங்குகிறது. அங்கே கார்ல் மோபியஸ் என்றொரு விலங்கியல் பேராசிரியர் இருந்தார். அந்தக் கடற்கரையில் ஆளி, அதாவது சாப்பிடுகிற சிப்பி, குறைந்துகொண்டே வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கடற்கரையில் செய்வதுபோல் இங்கேயும் சிப்பி வளர்க்க முடியுமா என்று பார்த்துச் சொல்லும்படி அரசாங்கம் அவரைக் கேட்டது. அவர் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ப் பார்த்து வந்தார். 1877-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சிப்பித் திட்டில் சிப்பி மட்டும் வாழவில்லை, அதோடு நண்டும் புழுவும் பாசியும் சேர்ந்து ஒரு குடித்தனம் நடத்துகின்றன, ஒன்றை அளவுக்கு மீறி எடுத்தால் மொத்தக் குடித்தனமும் மாறிவிடும் என்பது அந்தப் புத்தகத்தின் சாரம். இப்படிச் சேர்ந்து வாழும் கூட்டத்துக்கு அவர் ஒரு புதுப் பெயரும் வைத்தார். பிரெஞ்சில் படித்தவர்கள் அதை 'பியோசெனோஸ்' என்று அறிவார்கள்.

மோபியஸின் பாடத்தைக் கேட்டவர்களில் ஒருவர் ஃபிரீட்ரிஷ் யுங்கே. அவர் பல்கலைக்கழகத்துக்காரர் அல்ல, அதே ஊரில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அந்தக் காலத்தில் பள்ளியில் இயற்கைப் பாடம் என்றால் மனப்பாடம்தான். விலங்கின் பெயர், அதன் குடும்பம், பல் எத்தனை, விரல் எத்தனை என்று ஒப்பிக்க வேண்டும். யுங்கேவுக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைக்குத் தெரிந்த ஊர்க் குளத்தை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள வாத்து, தவளை, நத்தை, தட்டாரப்பூச்சி, பாசி எல்லாம் ஒன்றையொன்று எப்படி நம்பி வாழ்கின்றன என்று காட்டினால் போதும் என்றார். 1885-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'ஊர்க் குளம் ஒரு கூட்டுக் குடித்தனம்' என்கிற பொருளில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போகும் வழக்கத்துக்கு மூலப்புத்தகம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அது ஜெர்மன் பள்ளிகளில் பெரிய விவாதத்தையே கிளப்பியது.

பிரான்சில் 1882-ம் வருடத்துக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு 'லெசோன் த ஷோஸ்' என்ற பாடம் ஆரம்பப் பள்ளிகளில் பரவியது. பொருளைக் காட்டிச் சொல்லும் பாடம் என்று அர்த்தம். அது கப்பலேறிப் புதுச்சேரிக்கும் வந்தது. நான் படித்த காலத்தில், அதாவது ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும், எங்களுக்கும் அந்தப் பாடம் இருந்தது. 'லா மார்', அதாவது குட்டை, என்று ஒரு பக்கம். வண்ணப் படத்தில் தவளை, அல்லி, தட்டான், கூடவே 'திரித்தோன்' என்று பல்லி மாதிரி ஒரு நீர்ப்பிராணி. அதன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுத நாங்கள் பழகினோம். தென்னிந்தியாவில் எந்தக் குட்டையிலும் அந்தப் பிராணி கிடையாது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பொருளைக் காட்டிச் சொல்ல வேண்டிய பாடத்தில் பொருள் மட்டும் இல்லை. எங்கள் முசியே நல்ல மனிதர், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஊசுட்டேரி இரண்டு மணி நேர சைக்கிள் தூரத்துக்குள் இருந்தும் எங்களை யாரும் அங்கே கூட்டிப்போகவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

இனி அந்தப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் சாமான்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு ரோமாபுரியிலிருந்து வந்தது. ஆஞ்செலோ செக்கி என்ற சேசு சபைப் பாதிரியார் வானியல் அறிஞர். 1865-ல் போப்பாண்டவரின் நீராவிக் கப்பலில் போய், வெள்ளை வட்டத் தட்டைக் கடலில் இறக்கி, எத்தனை ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். தண்ணீர் தெளிவாக இருந்தால் தட்டு ஆழம்வரை தெரியும், பாசியோ சேறோ மிகுந்தால் சீக்கிரம் மறையும். இன்றைக்கும் உலகம் முழுக்க இதே தட்டுதான். பழைய எவர்சில்வர் மூடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால் கருவி தயார். ஏரியைப் பற்றிய படிப்புக்கு 'லிம்னோலொஜி' என்று பெயர் நிலைக்கச் செய்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஃபொரேல். ஜெனீவா ஏரியைப் பற்றி 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகளாகப் பிரெஞ்சில் எழுதினார். ஒரே ஒரு ஏரிக்கு மூன்று தொகுதி!

அடுத்தது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்கும் முறை. லயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரி இளைஞர் புடாபெஸ்டில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தது இது. 1888-ல் வெளியானபோது அவருக்கு வயது 25. நான் சொன்ன இரண்டு மாணவர்களில் முதலாமவர் இவர்தான். முறை இப்படி: காற்றுக் குமிழியே இல்லாமல் ஒரு புட்டியில் தண்ணீரை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு உப்பையும், அயோடைடு கலந்த காரத்தையும் விட வேண்டும். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிற வண்டல் படியும், இல்லாவிட்டால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டால் பிராணவாயுவின் அளவுக்குத் தக்கபடி அயோடின் பிரியும். கஞ்சிப் பசை விட்டு நீலமாக்கி, அந்த நீலம் போகும்வரை இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்.

இதனால் என்ன பயன்? விடியற்காலையில் குளத்து மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வெயில் இருக்கும்வரை பாசியும் கொடியும் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீனைப்போல் அதைச் செலவழிக்கத்தான் செய்கின்றன. ஆகவே விடியும் முன்புதான் கையிருப்பு மிகக் குறைவு. சாக்கடை கலந்த குளத்தில் அந்தக் கையிருப்பு காலியாகி, காலையில் மீன்கள் செத்து மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டான் என்று ஊரில் சண்டை வரும். பிள்ளைகள் மாலை ஒரு புட்டியும் விடியற்காலை ஒரு புட்டியும் எடுத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். ரேமண்ட் லிண்ட்மன் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1915-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்டது சீடார் பாக் லேக் என்ற ஒரு சிறு ஏரி. ஏரி என்று பேர்தான், ஆழம் சுமார் ஒரு மீட்டர். செடிகொடியும் சேறும் மண்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து சதுப்பாகிக்கொண்டிருந்தது. இத்தகைய ஏரியை அந்தத் துறையில் 'மூப்படைந்த ஏரி' என்றே சொல்வார்கள். நம் வயதுக்காரர்கள் கவனிக்க!

அந்தக் குட்டையில் அவர் ஐந்து வருஷம் வேலை செய்தார். மனைவி எலினோர் கூடவே இருந்து உதவினார். குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி உறைந்துவிடும். அதைத் துளைத்துத் தண்ணீரும் சேறும் எடுப்பார்கள். மிதக்கும் நுண்பாசி, நீர்ச்செடி, புழு, பூச்சி, மீன் எல்லாவற்றையும் வகை பிரித்து எண்ணி, எடைபோட்டு வைத்தார்கள்.

எண்ணி வைத்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. லிண்ட்மன் புதிதாகச் செய்தது, அந்த எண்ணிக்கையை எல்லாம் ஒரே நாணயத்தில் மாற்றியது. பாசி இத்தனை, நத்தை இத்தனை, மீன் இத்தனை என்று தனித்தனியாக வைத்தால் கூட்ட முடியாது. எல்லாவற்றையும் கலோரியாக மாற்றினால் கூட்டலாம், கழிக்கலாம். எனக்கு உயிரியல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அரசாங்க வரவு செலவு எழுதியவன் என்பதால் இந்த இடம் உடனே புரிந்தது. அந்த இளைஞர் குளத்துக்கு ஒரு பேரேடு போட்டிருக்கிறார்.

அந்தப் பேரேட்டைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்கு ஒரு வருஷத்தில் சூரியன் தருவது 118,872 கலோரி. இது வரவு. அதில் பாசியும் செடியும் பிடித்து வைப்பது 111.3 கலோரி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவற்றைத் தின்னும் பிராணிகளுக்குப் போய்ச் சேர்வது 14.8. அந்தப் பிராணிகளைத் தின்னும் மீன் முதலியவற்றுக்குக் கிடைப்பது 3.1. லட்சத்துக்கு மேல் வரவு வந்து கடைசி வரியில் மூன்று! இடையில் உள்ளதெல்லாம் மூச்சுவிடுவதிலும், நடமாடுவதிலும், தின்னப்படாமல் செத்து மக்குவதிலும் செலவு. ஒரு குளத்தில் கெண்டை ஆயிரம் இருக்க, விரால் ஏன் பத்துதான் இருக்கிறது என்பதற்கு இதுவே பதில். விராலுக்குச் சம்பளம் கொடுக்கப் பட்ஜெட்டில் அவ்வளவுதான் மிச்சம்.

இன்று பேரப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் 'லிண்ட்மனின் பத்து சதவீத விதி' என்று ஒன்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்பது விதி. அவருடைய சொந்தக் கணக்கில் அப்படி இல்லை. செடியிலிருந்து முதல் படிக்கு 13 சதவீதத்துக்கு மேல், அடுத்த படிக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மென்டோட்டா ஏரியில் முதல் படியில் 8.7 சதவீதம்தான். ஏரிக்கு ஏரி மாறும் என்பதே அவர் கண்டது. பின்னால் வந்தவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாகப் பத்து என்று முழுமைப்படுத்திவிட்டார்கள். யுங்கே எதை வேண்டாம் என்றாரோ அந்த மனப்பாடத்துக்குள்ளேயே கடைசியில் லிண்ட்மனும் போய் மாட்டிக்கொண்டார்.

1941 மார்ச்சில் பட்டம் கிடைத்தது. அந்த வருஷமே யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். இருவரும் கலந்து பேசி, ஆய்வேட்டின் கடைசிப் பகுதியைத் திருத்தி 'எக்காலஜி' என்ற இதழுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை இரண்டு பெரியவர்களிடம் கருத்துக்கு அனுப்பினார். ஒருவர் ஜூடே, இன்னொருவர் வெல்ச். ஏரி ஆராய்ச்சியில் இருவருமே பழுத்த அனுபவசாலிகள். இருவரும் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஏரிகளைப் பற்றிப் போதுமான தகவல் இன்னும் சேரவில்லை, அதற்குள் கொள்கை பேசுவது அவசரம் என்பது அவர்கள் கட்சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மென்டோட்டா ஏரிக்குச் சக்தி வரவு செலவு எழுதி 1940-ல் அதே இதழில் வெளியிட்டவர் இதே ஜூடே. லிண்ட்மன் ஒப்பிட எடுத்ததும் அவர் சேர்த்த எண்கள்தான். அத்தனை வருஷம் தகவல் சேர்த்தவருக்கு அந்தத் தகவல் பேசத் தொடங்கியபோது கேட்க மனம் வரவில்லை.

ஹட்சின்சன் விடவில்லை. இதழாசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தாமஸ் பார்க் என்ற அந்த ஆசிரியர் யோசித்தார். கட்டுரையைத் திருத்தி வாங்கிக்கொண்டு, இரண்டு பெரியவர்களின் தீர்ப்பையும் மீறி 1942-ல் ஏற்றுக்கொண்டார். அதிகாரியின் குறிப்பு 'நிராகரிக்கலாம்' என்று இருக்கும்போது, மேலே இருப்பவர் கோப்பை முழுக்கப் படித்துவிட்டு 'அனுமதிக்கலாம்' என்று எழுதுவது எவ்வளவு அபூர்வம் என்பது உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கட்டுரை அச்சில் வந்தது 1942 அக்டோபரில். லிண்ட்மன் அதைப் பார்க்கவில்லை. ஈரல் நோயால் ஜூன் 29-ம் தேதி இறந்துபோனார். 27 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. கட்டுரையின் கடைசியில் ஹட்சின்சன் சில வரிகள் சேர்த்து அந்தச் செய்தியைச் சொன்னார். இன்று உலகில் எந்தக் காட்டையோ கடலையோ ஆராய்கிறவரும் சக்திக் கணக்கு எழுதித்தான் தொடங்குகிறார். அந்தக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு மாணவன் படித்த ஒரு தூர்ந்துபோன குட்டை.

இந்த ஹட்சின்சனுக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. 1932-ல் யேல் பல்கலைக்கழகக் குழுவோடு வந்து லடாக்கின் உயரமான ஏரிகளை ஆராய்ந்துவிட்டுப் போனவர் அவர். தமிழ்நாட்டிலும் அந்தக் காலத்தில் வேலை நடந்திருக்கிறது. எஸ். வி. கணபதி என்பவர், வருஷம் முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தே கிடக்கும் ஒரு கோயில் குளத்தை ஆராய்ந்து 1940-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் எழுதினார். நாம் பச்சைத் தண்ணீர் என்று சொல்லி மேல்படியிலேயே கும்பிட்டுவிட்டு வருகிற குளத்தில் அவர் ஓர் உலகத்தையே பார்த்திருக்கிறார்.

பள்ளிப் பிள்ளைகள் அளவில் இந்த வேலை பரவலானது 1993-க்குப் பிறகு. அந்த வருஷம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. 10 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தங்கள் தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம் என்பது ஏற்பாடு. புதுவையில் அறிவியல் இயக்கத்து நண்பர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். ஏரி, குளம், கழிமுகம் என்று பிள்ளைகள் எடுத்துச் செய்த தலைப்புகள் ஏராளம். படத்தில் திரித்தோன் பார்த்த எங்களுக்கும், கெளுத்தியையும் தலைப்பிரட்டையையும் கையில் எடுத்துப் பார்க்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

புதுவைப் பகுதிக்கு 84 ஏரிகள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த எண்ணிக்கை. பிரெஞ்சுக் காலத்தில் ஏரிப் பாசனக் குடிகள் 'கேஸ் கோம்யூன்' என்ற பொதுப்பணப் பெட்டி வைத்து, தாங்களே மதகும் வரத்துக் கால்வாயும் பார்த்துக்கொண்டார்கள். ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் அந்த ஏற்பாடு நைந்துபோயிற்று. 1999 முதல் சில வருஷங்கள் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் நடந்தது. 2008-ல் ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஓர் ஏரி முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல், இப்போது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் இன்றைக்கு எண்ணிப் பார்த்து எழுதுவது இருபது வருஷம் கழித்து ஒப்பிடுவதற்கு உதவும். இருபது வருஷத்துக்கு முந்தைய நிலைக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

நம்மிடம்தான் வர வேண்டும். லிண்ட்மன் வரைந்த படத்தில் பாசி, புழு, மீன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. அது அடிச்சேறு. செத்ததும் உதிர்ந்ததும் அங்கே போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் மறுபடி எல்லாவற்றுக்கும் உணவாகிறது. எழுபது தாண்டிய நாமும் ஊருக்கு அடிச்சேறு மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த வருஷம் கலங்கல் வழிந்தது, எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, ஜிலேபிக் கெண்டை வருவதற்கு முன் வலையில் என்னென்ன மீன் விழுந்தது, ஆகாயத்தாமரை முதலில் எந்த மூலையில் தலைகாட்டியது, எந்த வாய்க்கால் மேல் இப்போது எந்தத் தெரு இருக்கிறது, இதெல்லாம் எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. நம் தலைக்குள் இருக்கிறது. நம்மோடு போகவும் போகிறது.

பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்று, 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஏரிக்குப் பெயர்போன ஊரிலேயே ஆயிரம் வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடமும் இருந்திருக்கிறது. ஏரியும் படிப்பும் நமக்குப் புதிதல்ல. அடுத்த முறை உங்கள் ஊர்க் கரையில் பிள்ளைகள் வெள்ளைத் தட்டை இறக்கிக்கொண்டு நின்றால், பக்கத்தில் போய் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். வருஷம் சரியாக ஞாபகமில்லை என்றால், வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்த சமயம் என்றாவது சொல்லுங்கள். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.